ஒரு நாளைக்கு எத்தனை இட்லி?

டிசம்பர் முதல் தேதி விடிவதற்கு முன் ஐஐடி விடுதிகளில் நடமாடும் கோட்டுகளை எந்தக் கல்யாண ரிசப்ஷனிலும் பார்க்க முடியாது. கோட்டு சீனியருடையது. டை யூடியூப் பார்த்துக் கட்டியது. ஷூ மட்டும் சொந்தம், அதுவும் அப்பா கடன் சொல்லி வாங்கிக் கொடுத்தது. பிளேஸ்மெண்ட் சீசனின் முதல் நாள். முதல் ஸ்லாட்டில் வரும் நிறுவனங்களில் ஆலோசனை நிறுவனங்களுக்குத் தனி மவுசு. பாலம் கட்டப் படித்தவன், ரசாயனம் படித்தவள், கப்பல் கட்டப் படித்தவன் எல்லாரும் அன்று ஒரே வரிசை. நம் வரிப்பணத்தில் பொறியாளர் ஆனவர்கள். இனி ஸ்லைடு செய்யப் போகிறார்கள்.

ஆமாம், ஸ்லைடு. இந்த நிறுவனங்கள் விற்கும் சரக்கு அதுதான். 1926-இல் சிகாகோவில் ஜேம்ஸ் மெக்கின்சி என்ற கணக்கியல் பேராசிரியர் கடை திறந்தார். 1963-இல் பாஸ்டன் கன்சல்டிங் குரூப் வந்தது. 1973-இல் பெய்ன். கணக்குத் தணிக்கை செய்துகொண்டிருந்த பெரிய நிறுவனங்களும், தணிக்கையில் என்ன பெரிதாகக் கிடைத்துவிடுகிறது என்று பக்கத்திலேயே ஆலோசனைக் கடை போட்டன. ஆயிரம் பேரை வீட்டுக்கு அனுப்ப முதலாளிக்குத் தைரியம் வராதபோது ஆலோசகர் வருவார். எண்பது ஸ்லைடு காட்டுவார். எண்பதாவது ஸ்லைடில் ஆயிரம் பேரும் காலி. முதலாளி கை சுத்தம். பிறகு லாபம் வந்தால் ஆலோசனையின் மகிமை. நஷ்டம் வந்தால் நிறைவேற்றியவன் சரியில்லை.

இந்தக் கடைக்குள் நுழையத்தான் பரீட்சை. பார்க்கலாம்.

பையன் உட்காருகிறான். எதிரே இருப்பவருக்கு முப்பது வயது ஆகியிருக்காது. லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்கிறார்.

"சென்னையில ஒரு நாளைக்கு எத்தனை இட்லி சாப்பிடுறாங்க?"

சிரிக்கக் கூடாது. இது கேள்வி. கெஸ்டிமேட் என்று பெயர். பையன் பேனாவை எடுக்கிறான். "யோசிக்க ஒரு நிமிஷம் எடுத்துக்கலாமா சார்?" இப்படி அனுமதி கேட்க வேண்டும் என்று கோச்சிங்கில் சொல்லியிருக்கிறார்கள். அனுமதி கிடைக்கிறது. சென்னையில் ஒரு கோடிப் பேர் என்று வைத்துக்கொள்கிறான். வீட்டுக்கு நாலு பேர். இருபத்தைந்து லட்சம் வீடு. பாதி வீட்டில் காலையில் இட்லி. தலைக்கு நாலு. வீட்டுக்குப் பதினாறு. மொத்தம் இரண்டு கோடி.

"ஹோட்டல்?"

அதையும் சேர்க்கிறான்.

"ஆஸ்பத்திரி கேன்டீன்?"

சேர்க்கிறான். வியர்க்கிறது.

"மினி இட்லியை எப்படி எண்ணுனீங்க? ஒரு முழு இட்லிக்கு எத்தனை மினி?"

பையன் இதை யோசிக்கவில்லை. சாம்பாரில் மிதக்கும் அந்தப் பதினான்கு உருண்டைகள் தன் எதிர்காலத்தில் குறுக்கிடும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. லேப்டாப்பில் ஏதோ தட்டப்படுகிறது. "தேங்க்ஸ். வி வில் கெட் பேக்." மாலையில் நண்பன் மூலம் சேதி வருகிறது. ஸ்ட்ரக்சர் இல்லையாம்.

இந்தியாவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று இந்திய அரசே 2011-க்குப் பிறகு எண்ணவில்லை. 2021-இல் எடுக்க வேண்டிய சென்சஸ் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், 2027 மார்ச் முதல் தேதிக் கணக்கு என்று அறிவிப்பு வந்தது. தலையை எண்ணவே பதினாறு வருடம் ஆகும் நாட்டில், தலைக்கு எத்தனை இட்லி என்று நாலு நிமிடத்தில் சொல்லாத பிள்ளைக்கு மூளை போதாது.

இந்த வகைக் கேள்விக்கு ஒரு கௌரவமான பூர்வீகம் உண்டு. அணு இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி, சிகாகோவில் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர்கள் எத்தனை பேர் என்று மாணவர்களைக் கேட்பார். தரவு இல்லாதபோதும் தோராயமாக ஒரு விடைக்கு வரலாம் என்று பழக்குவதற்காக. ஃபெர்மி சொல்லிக் கொடுக்கக் கேட்டார். இவர்கள் துரத்தி விடக் கேட்கிறார்கள். கூகுளிலும் கொஞ்ச காலம் இந்த மாதிரிப் புதிர்களைக் கேட்டார்கள். 2013-இல் அதன் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் ஒரு பேட்டியில் உண்மையைப் போட்டு உடைத்தார். எல்லாம் சுத்த நேர விரயம், வேலையில் யார் தேறுவார் என்பதை இவை காட்டுவதே இல்லை, கேட்கிறவருக்குத் தான் பெரிய புத்திசாலி என்ற நினைப்பு வரும், அவ்வளவுதான் என்றார். கூகுள் விட்டுவிட்டது. ஆலோசனை நிறுவனங்கள் விடவில்லை. தங்களைப் புத்திசாலி என்று நினைத்துக்கொள்வதுதானே அங்கே தொழில் முதலீடு.

போகட்டும். கேட்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு வருமா?

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி மெக்கின்சியைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டது. 2000-ஆம் ஆண்டுவாக்கில் எத்தனை செல்போன் புழங்கும்? இட்லிக் கேள்விதான். ஃபீஸ் மட்டும் பெரிது. மெக்கின்சி உட்கார்ந்து கணக்குப் போட்டது. போன் கனக்கிறது. பேட்டரி நிற்பதில்லை. கட்டணம் கட்டுப்படியாகாது. ஆகவே மொத்தச் சந்தை ஒன்பது லட்சம். ஏடி அண்ட் டி ஒதுங்கிக்கொண்டது. எக்கனாமிஸ்ட் இதழ் 1999-இல் இந்தக் கதையை எழுதியபோது, உலகில் மூன்று நாளைக்கு ஒன்பது லட்சம் பேர் புதிதாகச் செல்போன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2000 முடிவில் அமெரிக்காவில் மட்டும் பத்துக் கோடிக்கு மேல். விட்ட இடத்தைப் பிடிக்க ஏடி அண்ட் டி 1994-இல் மெக்கா செல்லுலாரை 1,100 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

பையன் மினி இட்லியில் சறுக்கினான். அடுத்த கேண்டிடேட். இவர்கள் இரண்டு பூஜ்யத்தில் சறுக்கினார்கள். பில் பாஸ் ஆனது.

ஆனால் இவர்களுக்குக் கணக்கே வராது என்று சொல்லிவிட முடியாது. ஒரு கணக்கு அற்புதமாக வந்தது.

பர்டூ ஃபார்மா என்ற அமெரிக்க மருந்துக் கம்பெனி. ஆக்சிகான்டின் என்ற அபின் வகை வலி மாத்திரை. ஆபத்தை மறைத்து விற்றதற்காக 2007-இலேயே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட கம்பெனி. அதற்குப் பிறகும் விற்பனையை எப்படி முடுக்கிவிடலாம் என்று யோசனை சொல்லி மெக்கின்சி சம்பாதித்தது. 2017-இல் ஒரு ஸ்லைடு. மாத்திரையை வாங்கி விநியோகிக்கும் நிறுவனங்கள் பயந்து பின்வாங்கக் கூடாது. அதனால், சாப்பிட்டவர் அளவு மீறி விழுந்தால், அல்லது அடிமையானால், தலைக்கு இவ்வளவு என்று அந்த நிறுவனங்களுக்குத் தள்ளுபடி தரலாம். உதாரணத்துக்கு சிவிஎஸ் என்ற மருந்துக்கடை நிறுவனம். அதன் வாடிக்கையாளர்களில் 2019-இல் 2,484 பேர் விழுவார்கள். தலைக்கு 14,810 டாலர். மொத்தம் 3 கோடியே 68 லட்சம் டாலர். பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும்.

2,484. சுமார் 2,500 என்றுகூடச் சொல்லவில்லை. உயிரோடு இருக்கும் செல்போனை எண்ணத் தெரியாதவர்கள், இன்னும் விழாத மனிதர்களை ஒற்றை இலக்கம்வரை எண்ணினார்கள். ஸ்ட்ரக்சர் என்றால் இது.

அந்தத் தள்ளுபடி எதுவும் எங்கள் கைக்கு வரவில்லை என்று சிவிஎஸ் சொன்னது. நல்லது. ஸ்லைடு வந்ததா இல்லையா? 2021 பிப்ரவரியில் அமெரிக்க மாநிலங்களோடு 57 கோடியே 30 லட்சம் டாலருக்கு மெக்கின்சி சமரசம் செய்துகொண்டது. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. 2024 டிசம்பரில் மத்திய அரசு வழக்கில் இன்னொரு 65 கோடி டாலர். ஒரு முன்னாள் மூத்த பார்ட்னர் கோப்புகளை அழித்த குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அடுத்த டிசம்பரில் கேம்பஸுக்கு வந்து, பையன்களிடம் ஸ்ட்ரக்சர் இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

இட்லியைத் தாண்டினால் கேஸ். ஒரு சிமெண்ட் கம்பெனிக்கு லாபம் குறைகிறது, ஏன்? வரவு குறைந்திருக்கலாம் அல்லது செலவு கூடியிருக்கலாம் என்று பையன் சொல்ல வேண்டும். உடனே எதிரே இருப்பவர் தலையசைப்பார். இதைச் சொல்வதற்குத்தான் புத்தகங்கள், வகுப்புகள், ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு முன்னாள் ஆலோசகர்கள் நடத்தும் மாக் இன்டர்வியூக்கள். உள்ளே இருப்பவர் பரீட்சை வைக்கிறார். வெளியே வந்தவர் அதே பரீட்சைக்கு டியூஷன் எடுக்கிறார். எல்லாப் பதிலும் மீசியாக இருக்க வேண்டும் என்பது இங்கே வேதம். அதாவது ஒரு பாயிண்ட் இன்னொரு பாயிண்டோடு உரசக் கூடாது, எதுவும் விடுபடவும் கூடாது. மெக்கின்சியில் இருந்த பார்பரா மிண்டோ பழக்கிவிட்டுப் போனது. கெட்ட பழக்கம் இல்லை. அறிக்கை எழுதுகிறவருக்கு உதவும். ஆனால் ஹாஸ்டல் சாம்பார் ஏன் நன்றாக இல்லை என்று கேட்டால்கூட "மூன்று பக்கெட்டாகப் பிரிக்கலாம்" என்று பிள்ளைகள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இவர்களைக் கட்டிக்கொள்ளப் போகிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

மெக்கின்சி சில வருடம் வைத்த கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றையும் சொல்ல வேண்டும். சால்வ் என்று பெயர். கடலடியில் ஒரு பவளத்திட்டு. எட்டு உயிரினங்களைத் தேர்ந்தெடுத்து, எது எதைத் தின்னும், எது எதற்கு இரையாகும் என்று பார்த்து, ஒன்றும் செத்துப்போகாதபடி ஒரு உணவுச் சங்கிலி அமைக்க வேண்டியிருந்தது. எம்பிஏ முடித்த பெண் இரவு பதினோரு மணிக்கு மீனுக்குப் பாசி தேடிக்கொண்டிருந்தாள். கேலி செய்யத் தோன்றவில்லை. மொத்தத் தேர்விலும் தொழிலைப் பற்றி உண்மை பேசிய இடம் இது ஒன்றுதான்.

அடுத்தது ஃபிட் ரவுண்டு. இங்கே அறிவைப் பார்க்க மாட்டார்கள். குணத்தைப் பார்ப்பார்கள்.

"உங்க நேர்மைக்குச் சோதனை வந்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்க."

பையனுக்கு வயது இருபத்திரண்டு. என்ன பெரிய சோதனை வந்திருக்கும்? மெஸ் பில்லில் இரண்டு நாள் ரிபேட் போட்டிருப்பான். பக்கத்துப் பையனுக்கு பிராக்ஸி கொடுத்திருப்பான். இதைச் சொன்னால் வேலை கிடைக்காது. ஆகவே கதை தயாராகிறது. கல்லூரி விழாவில் ஸ்பான்சர் ஒருவர் லஞ்சம் தர வந்தார், நான் மறுத்தேன், குழுவே எதிர்த்தது, பேசிப் புரியவைத்தேன், கடைசியில் ஸ்பான்சரே என்னைப் பாராட்டினார். அதே ஸ்பான்சர் ஒரே நாளில் பதினைந்து பேரிடம் லஞ்சத்தோடு வந்திருப்பார். நேர்மையைப் பற்றி யார் சரளமாகப் பொய் சொல்கிறாரோ அவர் நேர்மையானவர். செலக்டட்.

கேட்கிறவர்கள் நேர்மைப் பரீட்சை எழுதியிருக்கிறார்களா? எழுதியிருக்கிறார்கள். ஆலோசனைக் கடை போட்ட தணிக்கை நிறுவனங்களில் ஒன்றான எர்ன்ஸ்ட் அண்ட் யங்கின் அமெரிக்க நிறுவனத்துக்கு 2022 ஜூனில் அங்குள்ள பங்குச்சந்தை ஆணையம் 10 கோடி டாலர் அபராதம் போட்டது. காரணத்தை நிதானமாகப் படியுங்கள். கணக்காளர் உரிமத்துக்கு வேண்டிய தொழில் அறம் பற்றிய பரீட்சையில் ஊழியர்கள் காப்பி அடித்தார்கள். அறத்தில் காப்பி. கேபிஎம்ஜிக்கு 2019-இல் 5 கோடி டாலர் அபராதம். அங்கே பயிற்சித் தேர்வு விடைகளைப் பரிமாறிக்கொண்டார்கள். சில கெட்டிக்காரர்கள் சர்வருக்குள் புகுந்து பாஸ் மார்க்கையே குறைத்துக்கொண்டார்கள். நூற்றுக்கு இருபத்தைந்துகூட வாங்காமல் பாஸ் ஆனவர்கள் உண்டு. நம்மூரில் பிளஸ் டூ தேர்வில் துண்டுச் சீட்டோடு மாட்டினால் பறக்கும் படை தூக்கிக்கொண்டு போகும். அங்கே மாட்டினால் கம்பெனி அபராதம் கட்டும், பிறகு நம் பிள்ளையின் குணத்தைச் சோதிக்க ஃப்ளைட் ஏறி வரும்.

கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்று வேறு பையனிடம் ஒப்புதல் வாங்குகிறார்கள். ரகசியம் புனிதமாம். ஆஸ்திரேலியாவில் இன்னொரு தணிக்கை நிறுவனமான பிடபிள்யூசி இதைவிடப் பெரிய ரகசியங்களுக்குக் கையெழுத்துப் போட்டது. பன்னாட்டுக் கம்பெனிகள் வரி ஏய்ப்பதைத் தடுக்க அரசு சட்டம் தயாரித்தபோது ஆலோசனை சொல்லக் கூப்பிட்டார்கள். உள்ளே கேட்டதைக் கொண்டுபோய், அந்தச் சட்டத்தில் மாட்டப்போகும் கம்பெனிகளையே வாடிக்கையாளராகப் பிடிக்கப் பயன்படுத்தினார்கள். மின்னஞ்சல்கள் 2023-இல் அம்பலமாகி நாறியதும், தன் அரசு ஆலோசனைப் பிரிவை பிடபிள்யூசி விற்றுவிட்டது. விலை ஒரு டாலர். இத்தனை வருடத்தில் அவர்கள் போட்ட நியாயமான விலை அதுவாகத்தான் இருக்கும்.

தேர்வில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால் தகுதி இழப்பு என்றும் எச்சரிக்கை வருகிறது. நியாயம்தான். அதைப் பயன்படுத்தும் உரிமை வேலையில் சேர்ந்த பிறகுதான். அதே ரகத்து டெலாய்ட் ஆஸ்திரேலிய அரசுக்குச் சுமார் 4 லட்சத்து 40 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலருக்கு எழுதிக் கொடுத்த ஒரு அறிக்கையில், இல்லாத ஆய்வுக் கட்டுரைகள் மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. நீதிபதி சொல்லாத வாசகத்தைத் தீர்ப்பிலிருந்து எடுத்ததாகப் போட்டிருந்தார்கள். ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டுபிடித்தார். 2025 அக்டோபரில் கடைசித் தவணையை மட்டும் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். பரிந்துரைகளில் மாற்றமில்லையாம். ஆதாரம் பொய், முடிவு மெய்.

ஆள் தேர்வில் இவர்கள் அடிக்கும் தம்பட்டத்துக்கு வருவோம். உலகத்தின் சிறந்த மூளைகளை நாங்கள் சல்லடை போட்டு எடுக்கிறோம் என்பார்கள். ரஜத் குப்தா. ஐஐடி டெல்லி, ஹார்வர்ட். மெக்கின்சிக்கு விண்ணப்பித்தபோது அனுபவம் போதாது என்று முதலில் நிராகரித்தார்கள். ஹார்வர்ட் பேராசிரியர் ஒருவர் நியூயார்க் அலுவலகத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். வேலை கிடைத்தது. வட்டச் செயலாளர் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தால் சிபாரிசு. ஹார்வர்ட் பேராசிரியர் எழுதிக் கொடுத்தால் நெட்வொர்க்கிங். குப்தா 1994-இல் உலகத் தலைவரானார், 2003 வரை இருந்தார். அந்தக் காலத்தில்தான் மெக்கின்சி தோளில் வைத்துக் கொண்டாடிய என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனம் திவாலானது. அந்த என்ரானை நடத்திய ஜெஃப் ஸ்கில்லிங் மெக்கின்சியில் பார்ட்னராக இருந்தவர். பிறகு கோல்ட்மேன் சாக்ஸ் முதலீட்டு வங்கியின் இயக்குநர் குழுவில் குப்தா உட்கார்ந்திருந்தபோது, 2008 செப்டம்பரில் அதில் வாரன் பஃபெட் 500 கோடி டாலர் போடுகிறார் என்பது கூட்டத்தில் ரகசியமாக முடிவானது. கூட்டம் முடிந்த ஒரு நிமிடத்துக்குள் குப்தாவின் போன் ஒருவருக்குப் போனது. யாருக்கு? நம்மவருக்குத்தான். கொழும்பில் பிறந்த தமிழர், ஹெட்ஜ் ஃபண்ட் கோடீஸ்வரர் ராஜ் ராஜரத்தினத்துக்கு. அவருக்குப் பதினோரு வருடம். குப்தாவுக்கு 2012-இல் இரண்டு வருடம். முதலில் நிராகரித்த அந்த முகம் தெரியாத இன்டர்வியூக்காரருக்கு மெக்கின்சி சிலை வைத்திருக்க வேண்டும்.

ஐஐடி, ஐஐஎம் பிள்ளைகளுக்காவது இட்லி. அவர்களுக்கு ஷார்ட்லிஸ்ட் ஆனவுடன் பட்டி என்று ஒரு சீனியரைத் துணைக்குப் போடுவார்கள். நட்சத்திர ஹோட்டலில் விருந்து உண்டு. கத்தியும் முள்கரண்டியும் எந்தக் கையில் பிடிக்கிறான் என்று யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் இதே வகை நிறுவனங்களின் பின்கட்டு அலுவலகங்களுக்கு விண்ணப்பிக்கும் விருதுநகர், தர்மபுரிப் பிள்ளைகளின் கதை வேறு. அங்கே மனிதர் வருவதே கடைசியில்தான். முதலில் ஒரு இயந்திரம் ஆங்கில உச்சரிப்புக்கு மார்க் போடும். அப்புறம் கேமராவைப் பார்த்துத் தனியாகப் பேச வேண்டும். எதிரே ஆள் இல்லை. திரையில் நேரம் ஓடும். ஹாஸ்டலில் சத்தம் என்று பாத்ரூமில் நின்று பேசியவர்கள் இருக்கிறார்கள். ஹயர்வியூ என்ற அமெரிக்க நிறுவனம் இப்படி வீடியோவில் பேசுகிறவர்களின் முகத்தசை அசைவைப் படித்து மார்க் போட்டுக்கொண்டிருந்தது. எதிர்ப்புக் கிளம்பியபின், அதைக் கைவிட்டுவிட்டோம் என்று 2021 ஜனவரியில் அறிவித்தது. அதுவரை யாருடைய புருவம் யாருடைய வேலையைப் பறித்தது என்பதற்கு வரவு செலவு கிடையாது.

தேறினால் ஆஃபர் லெட்டர். அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுப்பார். தெருவுக்கு மைசூர்பாகு. சேரும் தேதி விரைவில் தெரிவிக்கப்படும். மாதம் போகும். தெரிவிக்கப்படும். வருடம் போகும். போட்ட மெயிலுக்கு, இது தானியங்கி முகவரி, பதில் அனுப்ப வேண்டாம் என்று பதில் வரும். தேறாதவர்களுக்கு அதுவும் இல்லை. காதலில்கூட இப்போதெல்லாம் பிளாக் செய்துவிட்டுத்தான் போகிறார்கள்.

"பிரஷரை எப்படித் தாங்குவீங்க?" இது எல்லா இன்டர்வியூவிலும் உண்டு. தாங்குவேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வேறு என்ன சொல்வார்கள்? இப்படி ஒரு பெரிய நிறுவனத்தில் சேர்ந்த நான்கே மாதத்தில் மகளைப் பறிகொடுத்த தாய் ஒருவர், வேலைப்பளுதான் காரணம் என்று 2024-இல் அதன் தலைவருக்குக் கடிதம் எழுதினார். இறுதிச் சடங்குக்கு அலுவலகத்திலிருந்து ஒருவரும் வரவில்லை என்று எழுதினார். பிரஷரை அவர்கள் நன்றாகத்தான் தாங்குகிறார்கள்.

நமக்கென்ன, தனியார் கம்பெனி, யாரையோ எடுக்கிறான் எதையோ கேட்கிறான் என்று விட்டுவிடலாமா? விட முடியாது. இவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதில் நாமும் பங்கு. சந்திரபாபு நாயுடு ஆந்திரத்துக்கு விஷன் 2020 என்று ஒன்று கொண்டுவந்தார். தயாரித்துக் கொடுத்தது மெக்கின்சி. 1999-இல் வெளியானது. 2004-இல் நாயுடு தோற்றார். 2014-இல் மாநிலமே இரண்டாகப் பிரிந்தது. 2020-இல் கொரோனா வந்தது. விஷனில் மூன்றும் இல்லை. பிரான்சில் ஆசிரியர் தொழிலின் எதிர்காலம் பற்றி ஒரு ஆய்வுக்கு மெக்கின்சிக்கு அரசு 4,96,800 யூரோ கொடுத்தது. அதை ஒட்டி நடக்க வேண்டிய கருத்தரங்கு நடக்கவே இல்லை. அந்தப் பணத்துக்கு என்னதான் செய்தீர்கள் என்று 2022 ஜனவரியில் செனட் குழு கேட்டது. பார்ட்னர் திணறினார். ஸ்ட்ரக்சர் இல்லை. மீசி இல்லை. எந்தப் பையனாவது அப்படித் திணறியிருந்தால் முதல் ரவுண்டைத் தாண்டியிருக்க மாட்டான். அதே செனட் குழு மார்ச்சில் இன்னொன்றையும் சொன்னது. 2011 முதல் 2020 வரை பத்து வருடம் மெக்கின்சி பிரான்சில் நிறுவன வரியாக ஒரு காசும் கட்டவில்லை. வாங்குவது வரிப்பணத்தில். கட்டுவது பூஜ்யம். இந்தப் பூஜ்யத்தில் மட்டும் சறுக்கவில்லை.

நம்மூரிலும் குறைச்சல் இல்லை. ஸ்மார்ட் சிட்டி என்று 2015-இல் ஆரம்பித்தார்கள். திட்டம் எழுத ஆலோசகர், மேற்பார்வைக்கு ஆலோசகர். தியாகராய நகரில் நடைபாதை பளபளத்தது. 2021 நவம்பர் மழையில் அதே தியாகராய நகர் மிதந்தது. முழங்கால் தண்ணீரில் துணிக்கடைப் பெண்கள் நடந்து போனார்கள். அந்தத் தண்ணீர் எத்தனை லிட்டர் இருக்கும் என்று இப்போது யாராவது இன்டர்வியூவில் கேட்டாலும் கேட்பார்கள்.

நிராகரிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு ஆலோசனை. இலவசம். அவர்கள் தொழிலில் எதற்கும் பில் உண்டு. ஏர்போர்ட் டாக்ஸிக்குப் பில். கிளையண்ட் அலுவலகத்தில் குடித்த காபிக்குப் பில். நீங்களும் ஒன்று போடுங்கள், நல்ல லெட்டர்ஹெட்டில்.

பணி: சென்னை மாநகர இட்லிச் சந்தை மதிப்பீடு, மினி இட்லி தவிர. பணியாற்றியவர்: ஒருவர். தயாரிப்புக் காலம்: ஆறு மாதம். களத்தில் செலவிட்டது: இருபத்தைந்து நிமிடம், இதில் எதிரே இருந்தவர் போன் பேசிய ஏழு நிமிடமும் அடக்கம். கைச்செலவு: விருதுநகரிலிருந்து பஸ் போகவர, லாட்ஜ், கோட்டு டிரைகிளீனிங், அசல் ரசீதுப்படி. முப்பது நாளுக்குள் பணம் வர வேண்டும். தாமதமானால் வட்டி. மதிப்பீட்டில் பிழை கண்டுபிடிக்கப்பட்டால் கடைசித் தவணையை மட்டும் திருப்பித் தருவோம், இட்லி எண்ணிக்கையில் மாற்றமில்லை. ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி.